தலையெழுத்தும் திருத்தமும்

‘எல்லாம் தலையெழுத்து’ என்னும் சொல்லைக் கேளாத தமிழர் இரார். தொழில் முறிந்தாலும், மணவாழ்வு கசந்தாலும், பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும் நம் நாவில் முதலில் வந்து நிற்பது இச்சொல்லே. பிறக்கும்போதே தலையில் ஓர் எழுத்து எழுதப்பட்டுவிடுகிறது. அதை அழிக்க எவராலும் ஆகாது என்பது அதன் உட்கிடை. விதிக்கொள்கையை நாம் ஏற்பதில்லை என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஆயினும் மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் துக்க வீட்டிலும் நம் வாயிலிருந்தும் அதே சொல் நழுவி விழுவதை மறுப்பதற்கில்லை.

அண்மைக்கால உயிரியல் இப்பழஞ்சொல்லுக்குப் புதியதொரு மதிப்பைத் தேடித் தந்துவிட்டது. பிரூண் நகரத் துறவு மடத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்த அகுஸ்தினார் சபைத் துறவி கிரெகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட கட்டுரையில் மரபியல் தொடங்கிற்று. 1953இல் டி.என்.ஏ.யின் முறுக்கேணி வடிவம் தெரியவந்தது. 2003இல் மனித மரபுத்தொகுதியை வாசிக்கும் பெருந்திட்டம் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. ஏ, ஜி, சி, டி என்னும் நான்கே எழுத்துகளால் ஆன, ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்து நீளமுள்ள சுவடி அது. ‘உன் குணம் உன் ஜீனில் எழுதியிருக்கிறது’ என்று படித்தவர்கள் பேசத் தொடங்கினர். தலையெழுத்து ஆய்வகச் சான்றிதழோடு மீண்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது எனலாம்.

இந்நிலையில், நம் மூளைக்குள் நடைபெறும் ஒரு நிகழ்ச்சியை நாம் ஊன்றி நோக்க வேண்டியுள்ளது. மரபணுவில் எழுதியவாறே எல்லாம் நடந்துவிடுவதில்லை. மூளை உருவாகும்போதும், உருவான பின்னும், அந்த எழுத்துகளுள் சில படியெடுக்கப்பட்ட பிறகு திருத்தப்படுகின்றன. அத்திருத்தம் நிகழாவிடின் உயிர் தங்குவதே அரிது. இச்செய்தி உண்மையில் நமக்கு எதைச் சொல்கிறது? விதியிலிருந்து விடுதலையையா, அல்லது வேறொன்றையா? இதுவே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா.

மூலமும் படியும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி வாசகர்களுக்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வறண்ட மேட்டு நிலமாகக் கருதப்பட்ட ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980இல் டி.வி.எஸ். 50 வண்டியும் 1987இல் டைட்டன் கைக்கடிகாரமும் இங்கிருந்து புறப்பட்டு நாடெங்கும் சென்றன. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறிய லேத் பட்டறைகளும் உதிரிபாகக் கூடங்களும் பெருகின. அவற்றில் உழைக்கும் நம் இளைஞர்களுக்கு ‘டிராயிங்’ என்ற சொல் பழக்கமானது. மூல டிராயிங் ஆலையின் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும். பட்டறைக்கு வருவது அதன் படி. அப்படியைப் பார்த்தே எந்திரத்தில் உருப்படி கடையப்படும்.

உயிரணுவிலும் ஏற்பாடு இத்தகையதே. டி.என்.ஏ. என்பது மூலம்; அது உயிரணுவின் உட்கருவைவிட்டு வெளியே வருவதில்லை. தேவைப்படும் பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதப்பட்டு வெளியே அனுப்பப்படுகிறது. அப்படியின்படி புரதங்கள் உருவாகின்றன. மூலத்தில் உள்ளதே படியிலும், படியில் உள்ளதே புரதத்திலும் இருக்கும் என்றுதான் அறிஞர் நெடுநாள் எண்ணியிருந்தனர்.

அந்த எண்ணத்தில் முதல் கீறலை இட்டவர் நெதர்லாந்து அறிஞர் ராப் பென்னெ. தூக்க நோயை உண்டாக்கும் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஓர் உயிரியில், மூலத்தில் இல்லாத நான்கு எழுத்துகள் படியில் சேர்க்கப்பட்டிருப்பதை அவர் குழுவினர் 1986இல் கண்டனர். பட்டறைக்கு வந்த படியில் எவரோ சிவப்பு மையால் அளவை மாற்றி எழுதியிருப்பதைப் போன்றது அது. மூலம் அப்படியே இருக்கிறது; படி மட்டும் திருத்தப்பட்டிருக்கிறது.

ஓர் எழுத்தின் வரலாறு

1991இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் பீட்டர் சீபர்க் என்பாரும் அவர்தம் உடன் ஆய்வாளரும் இதனினும் வியப்பான ஒன்றைப் பாலூட்டிகளின் மூளையில் கண்டனர். நம் மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது வேதிப்பொருள்கள் வழியாகவே. அவற்றுள் தலையாயது குளூட்டமேட். ஓர் அணு அதனை உமிழ, அடுத்த அணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி என்னும் புரதம் அதனைப் பற்றிக்கொண்டு, தன் நடுவிலுள்ள சிறுவாயிலைத் திறக்கிறது. மின்னூட்டம் பெற்ற உப்புத் துகள்கள் உட்புகுகின்றன. செய்தி சென்று சேர்கிறது. நீங்கள் இவ்வரியைப் படிக்கும் இக்கணத்திலும் இது எண்ணற்ற முறை நடந்துகொண்டிருக்கிறது.

இவ்வேற்பியின் உறுப்புகளுள் ஒன்று குளூஏ2 எனப்படும் புரதம். மனிதரில் அதன் 607ஆம் இடத்தில் மூல எழுத்தின்படி குளூட்டமின் என்னும் அமினோ அமிலம் இருத்தல் வேண்டும். ஆனால் மூளையில் உள்ள புரதத்தில் அவ்விடத்தில் ஆர்ஜினின் அமர்ந்திருக்கிறது. காரணம், படியில் ஏ என்னும் எழுத்து ஒரு நொதியால் இனோசின் என்னும் வேறோர் எழுத்தாக மாற்றப்படுவதே. இனோசினைப் புரதம் செய்யும் கூடம் ஜி என்றே வாசிக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. ‘கல்’ என்னும்போதும் ‘தங்கம்’ என்னும்போதும் ‘அகம்’ என்னும்போதும் நாம் எழுதுவது ககரமே, ஒலிப்பதோ மூவகை. கன்னடத்திலும் தெலுங்கிலும் அவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. மும்மொழியும் புழங்கும் ஓசூரில் தமிழ் படிக்கத் தொடங்கும் கன்னடப் பிள்ளை திகைத்து நிற்பது இவ்விடத்தில்தான். எழுத்து ஒன்றாயினும் அக்கம்பக்கத்து எழுத்துகளே அதன் ஒலியை முடிவுசெய்கின்றன. குளூஏ2வின் கதையிலும் அக்கம்பக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆர்ஜினின் நேர்மின்னூட்டம் உடையது. வாயிலின் குறுகிய இடத்தில் அது நின்றுகொண்டு கால்சியம் உள்ளே பாய்வதைத் தடுக்கிறது. கால்சியம் நரம்பணுவுக்குத் தேவையானதே. ஆயினும் அளவு மிஞ்சினால் அதுவே அணுவைக் கொன்றுவிடும். எனவே இவ்வோர் எழுத்தின் திருத்தம் நம் மூளையின் வாயிற்காவல் என்று சொல்வது மிகையாகாது. இத்திருத்தம் கருவிலேயே தொடங்கி வாழ்நாள் முழுதும் ஏறத்தாழ நூற்றுக்கு நூறு நடைபெறுகிறது. ஒருமுறை திருத்திவிட்டால் போதும் என்பதும் இல்லை. மூலம் மாறாமலே இருப்பதால், ஒவ்வொரு படியும் புதிதாகத் திருத்தப்பட வேண்டும். முதுமையிலும் இது தவறலாம். காரணம் அறியாது தோன்றும் ஒருவகைத் தசைச்சிதைவு நோயால் இறந்தோரின் இயக்க நரம்பணுக்கள் சிலவற்றில் இவ்வெழுத்து திருத்தப்படாமலே கிடந்ததை ஜப்பானிய அறிஞர் 2004இல் வெளியிட்டனர்.

வெட்டி எறியப்படும் துண்டு

கோடிக்கணக்கான எழுத்துகளுக்கிடையே திருத்த வேண்டிய எழுத்து இதுதான் என்று அந்த நொதி எவ்வாறு அறிகிறது? 1993இல் கிடைத்த விடை சிந்தனைக்குரியது. படி முதலில் எழுதப்படும்போது, புரதத்துக்கு உதவாத நீண்ட துண்டுகளும் இடையிடையே சேர்ந்தே எழுதப்படுகின்றன. பின்னர் அவை வெட்டி எறியப்படுகின்றன. குளூஏ2வின் அத்தகைய துண்டு ஒன்றில் உள்ள சில எழுத்துகள், திருத்தப்பட வேண்டிய பகுதியோடு வளைந்து வந்து இணைகின்றன. அந்த இணைப்பின் வடிவத்தைக் கண்டே நொதி வந்து அமர்கிறது. திருத்தம் முடிந்ததும் துண்டு வெட்டப்பட்டு அழிகிறது. முடிவான படியில் அது இருந்த சுவடே இராது.

‘குப்பை’ என்று ஒரு காலத்தில் அறிஞராலேயே எண்ணப்பட்ட பகுதிகளுள் ஒன்றில்தான் உயிர் காக்கும் இக்குறிப்பு இருந்தது. 1995இல் சுண்டெலிகளில் மேற்கொண்ட ஆய்வு இதனை ஐயமற நிறுவிற்று. தாய்வழி, தந்தைவழி என இரண்டாக வரும் மரபணுவில் ஒன்றில் மட்டும் அக்குறிப்பை நீக்கினர். அவ்வெலிகளுக்கு வலிப்பு கண்டது. மூன்று வாரத்துக்குள் அவை மடிந்தன.

2000ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. திருத்தும் நொதியையே இழந்த சுண்டெலிகளும் வலிப்புற்று இளமையிலேயே இறந்தன. ஆனால் அவற்றின் மூல மரபணுவிலேயே அந்த ஓர் எழுத்தை ஜி என மாற்றி வைத்தபோது அவை பிழைத்தன. நொதி தொடும் எழுத்துகள் பல இருப்பினும், உயிருக்கு இன்றியமையாதது அந்த ஒன்றே என்பது இதனால் விளங்கிற்று.

ஈண்டு ஒரு கேள்வி இயல்பாகவே எழுகிறது. மூலத்தில் ஜி என்றே எழுதியிருந்தால் இத்தனை இடர் ஏன்? எலி பிழைத்துக்கொண்டது என்றால், இயற்கையும் அவ்வாறே செய்திருக்கலாமே! அறிஞரிடையே இதற்கு ஒருமித்த விடை இன்னும் இல்லை. எங்ஙனமாயினும் உண்மை இதுதான்: பிழையற எழுதப்பட்ட மூலத்தோடு நாம் பிறக்கவில்லை. ஒவ்வொரு நாளும், ஒவ்வோர் அணுவிலும் திருத்தப்படுவதால் வாழ்கிறோம்.

பருவம் அறிந்த திருத்தம்

திருத்தம் என்றவுடனே முன்னது பிழை, பின்னது சரி என்று முடிவுகட்டிவிடலாகாது. குளூஏ2வின் அந்த ஓரிடத்துக்கு அது பொருந்தும். பிற ஏற்பிகளின் நிலை வேறு.

மூளையின் கிளர்ச்சியை அடக்கும் காபா என்னும் வேதிப்பொருளுக்கும் ஏற்பி உண்டு. அதன் உறுப்பான ஆல்ஃபா-3 புரதத்திலும் ஓர் எழுத்து திருத்தப்படுகிறது. சுண்டெலியின் கருமூளையில் திருத்தப்படாத படிகள் மிகுதி. பிறப்பை ஒட்டிய நாள்களில் திருத்தம் படிப்படியாக ஏறி, பின்னர் ஏறத்தாழ முழுமை பெறுகிறது. கருவில் காபா நரம்பணுக்களை அடக்குவதில்லை. மாறாகத் தூண்டி வளர்க்கிறது. அப்பருவத்துக்குத் திருத்தப்படாத வடிவமே ஏற்றது என ஆய்வாளர் கருதுகின்றனர். பிற்காலத்தில் பிழையாகத் தோன்றுவது முற்காலத்தில் தேவையாக இருந்திருக்கிறது.

செரட்டோனின் என்னும் வேதிப்பொருளின் ஏற்பிகளுள் ஒன்றான 2சி ஏற்பியின் படியில் ஐந்து இடங்கள் திருத்தத்துக்கு உரியவை. அவை திருத்தப்பட்டும் திருத்தப்படாமலும் பலவாறு அமைவதால் 24 வகைப் புரதங்கள் உருவாகக்கூடும். மூளையின் பகுதிக்குப் பகுதி அக்கலவையின் விகிதம் வேறுபடுகிறது. அங்கே சரியும் பிழையும் இல்லை. வீணையின் நரம்பை முறுக்கியும் தளர்த்தியும் சுருதி சேர்ப்பதையொத்த நிலை அது.

ஒன்று எப்போதும் திருத்தப்பட வேண்டியது. ஒன்று காலம் வரும்வரை காத்திருக்க வேண்டியது. மற்றொன்று பல வடிவிலும் இருக்கத்தக்கது. இவற்றை வேறுபடுத்தி அறியும் நுட்பம் அணுவுக்கு இருக்கிறது. பிள்ளை வளர்ப்பிலும் பள்ளி நடத்துவதிலும் நமக்கு அது இருக்கிறதா என்பதை ஒவ்வொருவரும் தம்முள் கேட்டுக்கொள்ளலாம்.

விடுதலையா, கொடையா?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மரபெழுத்து திருத்தப்படுகிறது என்று அறிந்தவுடன், ‘ஆகவே விதி இல்லை, மனிதன் தன்னைத் தானே எழுதிக்கொள்கிறான்’ என்று மகிழ்ந்து கூறத் தோன்றும். அவ்வாறு கூறும் நூல்களும் சொற்பொழிவுகளும் பெருகிவருகின்றன. ஆனால் இம்முடிவு அவசர முடிவாகும். குளூஏ2வின் எழுத்தைத் திருத்துவது யார்? நான் அல்லேன். என் விருப்பமோ உறுதியோ நோன்போ அதனைச் செய்யவில்லை. ‘நான்’ என்று சொல்லும் நினைவு என்னுள் உதிக்கும் முன்னரே, தாயின் வயிற்றில் அத்திருத்தம் தொடங்கிவிட்டது. திருத்தும் நொதியும் மரபணுவிலிருந்து வந்ததே. அதனையும் நான் ஈட்டவில்லை, பெற்றுக்கொண்டேன்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தினாருக்கும் பெலாஜியுசுக்கும் இடையே நடந்த பெரும் வாதத்தை வாசகர் பலர் அறிவர். மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக நிற்க வல்லவன் என்பது பெலாஜியுசின் சார்பு. முயலும் ஆற்றலும் முன்னரே பெற்ற கொடை என்பது அகுஸ்தினாரின் நிலை. அவ்வாதம் ஆன்மாவைப் பற்றியது, ஆய்வகத்தில் தீர்க்கத்தக்கதன்று. ஏற்பியின் ஓர் எழுத்தைக் காட்டி அருளை நிறுவ முயல்வது அறிவியலுக்கும் நம்பிக்கைக்கும் ஒருங்கே இழுக்காகும். ஆயினும் ஓர் உண்மையை உடலளவிலேயே நாம் கற்கிறோம். தேர்ந்தெடுக்கும் ஆற்றல் நம்மிடம் இருக்கிறதென்றால், அது நாம் தேர்ந்தெடுக்காத ஒன்றின் மேல் நிற்கிறது.

‘அப்படியாயின் குற்றம் செய்தவனும் தன் மூளை அவ்வாறு அமைந்தது என்று தப்பித்துக்கொள்ளலாமே’ என்று ஒருவர் வினவலாம். இவ்வினாவைப் புறக்கணிக்க இயலாது. ஏற்பியின் எழுத்து ஒருவருடைய செயலன்று; அது செயலுக்கு முந்திய நிலம். அந்நிலத்தில் நின்று சிந்திக்கவும் நிதானிக்கவும் வல்லவர் தாம் செய்வதற்குப் பொறுப்பாளியே. பொறுப்பு குறைவது அந்நிலம் மறுக்கப்பட்டவர்க்கு மட்டுமே. ஆகவே இவ்வறிவு நமக்குத் தருவது சலுகையன்று, கடன். நலமான மூளையைப் பெற்றவன் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவன் ஆகிறான். அக்கணக்கு முதலில் கேட்கப்படுவது, அதனைப் பெறாத பிள்ளையின் முன்னிலையில்தான்.

யார் குற்றம்?

திருத்தம் நிகழாத பிள்ளைகள் உண்டா? உண்டு. திருத்தும் நொதிக்கான மரபணு தாய்வழியும் தந்தைவழியும் பழுதுற்று வந்த நான்கு பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுரை 2020இல் வெளிவந்தது. சிறுத்த தலை, அறிவு வளர்ச்சிக் குறைபாடு, அடங்காத வலிப்பு ஆகியவை அப்பிள்ளைகளிடம் காணப்பட்டன. இத்தகைய நோயில் பெற்றோர் இருவரும் பழுதுற்ற ஒரு படியைத் தம்முள் சுமந்தும் நலமாகவே வாழ்வர். தாம் சுமப்பதை அறியவும் மாட்டார்.

இது மிக மிக அரிய நோய். நம் பகுதியில் வலிப்பால் துன்புறும் பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்குக் காரணம் வேறு. பிறப்பின்போது நேர்ந்த மூச்சுத்திணறல், மூளைக்காய்ச்சல், தலைக்காயம், மூளையில் தங்கிய நாடாப்புழுவின் கட்டி எனப் பல உண்டு. காரணம் எதுவாயினும், அக்குடும்பம் செல்லும் வழி ஒன்றே. ஜூஜூவாடியைக் கடந்து, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருவுக்குள் நுழையும் அதே ஓசூர் சாலையில், தேசிய மனநல நரம்பியல் நிறுவனமாகிய நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1974இல் இன்றைய வடிவம் பெற்ற அம்மருத்துவமனையின் வாயிலில், கையில் பழைய சீட்டுகள் அடங்கிய பையுடன் காத்திருப்போருள் தமிழ் பேசுவோர் பலர். 1995 முதல் அங்கு மனித மூளைத் திசுக்களைக் காத்துவைக்கும் வங்கி ஒன்றும் உள்ளது. மூளையைக் கையில் ஏந்திப் பார்க்கலாம். ஆனால் எந்தக் கண்ணாடிக் குடுவையிலும் ஒருவருடைய பாவம் தென்படுவதில்லை.

ஊரிலோ பாவத்தைத் தேடும் வேலைதான் முதலில் நடக்கிறது. வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். அடுத்து, ‘சூலியாக இருந்தபோது எதையாவது மிதித்தாளா?’ என்று தாயைக் கேட்கிறோம். ‘தந்தை வழியில் யாரோ செய்த வினை’ என்கிறோம். நேர்ந்த வேண்டுதலை நிறைவேற்றாத குறை என்பார் சிலர். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்ட சீடர் கேட்டதும் இதே கேள்விதான். இயேசு அக்கேள்வியின் இரு கிளைகளையும் மறுத்துவிட்டார் என்பதைத் திருப்பலியில் கேட்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்து, கோவில் வாசலிலேயே அத்தாயிடம் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டுவிடுகிறோம்.

பழியைச் சுமத்தும் இவ்வழக்கத்தை ஏற்பியின் வரலாறு அடியோடு அசைக்கிறது. உங்கள் பிள்ளை நலமாக இருப்பது உங்கள் பக்தியின் கூலியன்று. ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்து திருத்தப்பட்டதன் விளைவு. அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் அது தவறியது எவருடைய வினையின் தண்டனையும் அன்று. இருவருடைய மூலத்திலும் ஒரே எழுத்துதான் இருக்கிறது. இந்த ஓர் உண்மையை நம் நெஞ்சில் பதித்துக்கொண்டால், பெருமைக்கும் இடமில்லை, பழிக்கும் இடமில்லை.

நம் மண்ணுக்கு இதில் தனிக் கடமையும் உண்டு. வேண்டாத குழந்தையை விலக்கிவிடும் கொடுமையை இவ்வட்டாரம் கண்டிருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் சேலத்தில் தொடங்கியது. 2001இல் அது தருமபுரிக்கும் விரிந்தது. கிருஷ்ணகிரி அப்போது அம்மாவட்டத்தின் பகுதியே. தொழிற்கூடத்தில் அளவு பிசகிய உருப்படியை ‘ரிஜெக்ட்’ என்று சிவப்புப் பெட்டியில் போடுவது முறையே. அந்தச் சொல் மெல்ல மெல்ல வீட்டுக்குள் நுழைந்து, பிள்ளைகள் மேலும் கருவில் வளரும் உயிர்கள் மேலும் ஒட்டிக்கொள்ளுமானால், நம் தொழில் வளம் நமக்குக் கேடாகவே முடியும். மேலே கண்ட அந்த வெட்டுத் துண்டை மறவாதிருப்போம். எது தேவையற்றது என்று முடிவுசெய்வதில் அறிஞரும் தவறியிருக்கின்றனர்.

திருத்தும் கை

அறிவியல் இப்போது இத்திருத்தத்தைத் தன் கருவியாகவும் ஆக்கிக்கொள்ளத் தொடங்கியுள்ளது. சிறிய ஆர்.என்.ஏ. துண்டொன்றை உடலுள் செலுத்தினால், அது நோயுற்ற படியோடு இணைந்து, உடலில் இயல்பாக உள்ள நொதியை அவ்விடத்துக்கு அழைக்கிறது. கல்லீரலையும் நுரையீரலையும் தாக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் குறைபாடு என்னும் பரம்பரை நோயில், இம்முறை மனித உடலில் செயற்பட்டதற்கான முதற்சான்று 2024இல் அறிவிக்கப்பட்டது. படியை மட்டும் தொடுவதால் மருந்தை நிறுத்தினால் விளைவும் நின்றுவிடும். பிள்ளைகளுக்கும் அது செல்லாது. 2018இல் சீனாவில் கருமுட்டை நிலையிலேயே மூலத்தை மாற்றிக் குழந்தைகளைப் பிறப்பித்த செயலை உலக அறிஞர் கண்டித்தனர். இரண்டுக்குமிடையே அறநிலையில் பெரும் வேறுபாடு உண்டு. பின்வரும் தலைமுறைக்குச் செல்லாமல் நோயை மட்டும் நீக்க முயலும் மரபணு மருத்துவத்தைக் கொள்கையளவில் ஏற்று, மூலத்தை மாற்றித் தலைமுறைகளைத் தொடும் முயற்சியை இன்றைய நிலையில் ஏற்க மறுத்தது, 2008இல் வெளிவந்த ‘மனித மாண்பு’ பற்றிய திருச்சபை ஆவணம்.

ஆயினும் ஆய்வகத்தின் கைகளுக்காக நாம் காத்திருக்கத் தேவையில்லாத திருத்தங்களும் உண்டு. 1976இல் செய்த மாற்றத்தின்படி, அடிக்கடி வரும் வலிப்பு மணத்துக்குத் தடை என இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் எழுதப்பட்டிருந்தது. மாத்திரை உட்கொண்டு நலமாக வாழ்ந்த பெண்கள் பலர் அந்த ஒரு சொல்லால் அஞ்சி வாழ்ந்தனர். 1999இல் நாடாளுமன்றம் அச்சொல்லை நீக்கிற்று. மருந்து புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு சொல் எடுக்கப்பட்டது, அவ்வளவே. அரசு வழக்கில் ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் மாறி ‘மாற்றுத்திறனாளி’ என்று ஆனதும் இவ்வகையைச் சேர்ந்ததே. சட்டம் திருந்திய பின்னும், வரன் பார்க்கும் வீடுகளில் பழைய எழுத்து அப்படியே இருப்பதை நாம் அறிவோம். அங்கே எழுதியவரும் நாமே. திருத்த வேண்டியவரும் நாமே. ஏற்பியில் நமக்கு இல்லாத உரிமை இங்கே நமக்கு முழுமையாக இருக்கிறது.

ஆகவே, ‘தலையெழுத்து’ என்னும் சொல்லை நாம் இனி வழங்குவதானால் சிறிது நின்று வழங்குவோம். தலையில் எழுத்து உண்டு; அது இடைவிடாமல் திருத்தப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. அத்திருத்தத்தை இலவசமாகப் பெற்றவர்கள் நாம். ஓசூர் பேருந்து நிலையத்தில், துவண்ட பிள்ளையை மடியில் கிடத்திப் பெங்களூரு வண்டிக்குக் காத்திருக்கும் தாயைக் காணும்போது, என்ன காரணம் என்று கேட்பதற்கு முன் அவர் பையை வாங்கிக்கொள்வோம். பிள்ளைக்கு இருக்கையில் இடம் தருவோம். காரணத்தை மருத்துவர் தேடட்டும்.